கனடா பி.ஆர். விண்ணப்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடா நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்.) விண்ணப்பிப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் இடறி விழுந்த அதே பள்ளங்களில் புதியவர்களும் விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுத்துப் பிழை, மங்கிய ஸ்கேன் போன்றவற்றை நீங்களே சரிபார்த்துக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய விசா மறுப்பை மறைப்பது

கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்திருக்கிறதா என்று படிவம் கேட்கிறது. என்னிடம் வந்த ஒரு தம்பதியில் கணவருக்குக் கல்லூரி நாட்களில் அமெரிக்க விசிட்டர் விசா மறுக்கப்பட்டிருந்தது. "அதைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும்" என்று ஏஜெண்ட் 'இல்லை' என நிரப்பிவிட்டார். இவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள். விண்ணப்பம் தள்ளுபடியானது, கூடவே 5 ஆண்டுத் தடை.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பழைய விசிட்டர் விசா மறுப்பு மட்டுமே பி.ஆரைத் தடுத்திருக்காது. மறைத்ததுதான், பொய்த் தகவல் தருவோருக்கான குடியேற்றச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தியது. 2014 வரை 2 ஆண்டாக இருந்த தடை இப்போது 5 ஆண்டு. அதற்குள் மொழித் தேர்வு முடிவு காலாவதியாகிவிடும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி அடிப்படையிலான தேர்வு முறையில், 30 வயதிலிருந்து வயதுக்கான புள்ளிகளும் ஆண்டுதோறும் கரையும்.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுடன் கனடா தகவல் பகிர்ந்துகொள்கிறது. விரல்ரேகையை வைத்தே பழைய மறுப்பைக் கண்டுபிடித்துவிடலாம். "ஏஜெண்ட் செய்தது எனக்குத் தெரியாது" என்ற வாதம் எடுபடுவது அபூர்வம். ஏற்கெனவே 'இல்லை' என்று அனுப்பிவிட்டவர்கள், அதிகாரி கேட்கும் முன்பே திருத்தம் அனுப்பிவிடுங்கள்.

பணி அனுபவக் கடிதம்

பதவிப் பெயரும் தேதியும் போதாது. செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பிக்க அழைப்பு வந்தபின் கையில் இருப்பது 60 நாள்தான். பழைய நிறுவனங்களில் கடிதத்துக்கு அலையவே அது சரியாகப் போய்விடும். முன்பே வாங்கி வையுங்கள்.

கடன் வாங்கிய பணம்

கனடாவில் குடியேறிச் செலவு செய்யக் கையில் இருக்கும் பணமாக, கடன் வாங்கியதைக் கணக்கில் காட்டாதீர்கள்.

உடன் வராத பிள்ளை

வராவிட்டாலும் பெயரைக் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால், பின்னாளில் அந்தப் பிள்ளையை ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபடக்கூடும்.

உரிமம் இல்லாத ஏஜெண்ட்

உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞராகவும் இல்லாமல் அந்தப் பட்டியலிலும் இல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.