வெள்ளியங்கிரி மாதிரி மலையில குட்டி டாக்குமென்டரி எடுக்குறது எப்படி

மலையேற்றத்தை வச்சு டாக்குமென்டரி எடுக்கணும்னு வர்றவங்க முதல்ல கேக்குறது எந்த கேமரா வாங்கலாம்னு தான். அதுக்கு முன்னாடி யாரைப் பத்தி எடுக்கப் போறோம்னு முடிவு பண்ணுங்க. மேகம், சூரிய உதயம், பள்ளத்தாக்கு எல்லாம் எவ்ளோ அழகா எடுத்தாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல யாரும் பாக்குறதில்ல. ஒரு ஆள் வேணும், அந்த ஆள் மேல போயே ஆகணும்னு ஒரு காரணம் வேணும்.

கோயம்புத்தூர் பக்கம் வெள்ளியங்கிரியையே எடுத்துக்கங்க. பூண்டில ஆரம்பிச்சு ஏழு மலை, பொதுவா பிப்ரவரில இருந்து மே வரைக்கும் தான் வனத்துறை ஏற விடுவாங்க. அந்த சீசன்ல வழியில இருக்குற கடைகளுக்கு சாமான் சுமக்குற அண்ணன் ஒருத்தரைப் பத்தி எடுக்கலாம், நாம வெறுங்கையோட மூச்சு வாங்கிட்டு ஏறுற முதல் மலைப் படியில அவர் மூட்டையோட ஏறுவாரு, சீசன் முடிஞ்சா என்ன வேலை பாப்பாரு, முட்டி வலிக்கு என்ன தடவுவாரு, வீட்ல என்ன சொல்லுவாங்க, படம் அங்க தான் இருக்கு. எடுத்த உடனே கேமராவை நீட்டாதீங்க, அடிவாரத்துல ஒரு டீ குடிச்சுகிட்டே பேசுங்க, அவர் வேலை கெடாம கூட வர்றேன்னு சொல்லுங்க, ஓகேன்னா மட்டும் எடுங்க.

அனுமதி ரொம்ப முக்கியம். அது காடு, யானை நடமாடுற இடம். ஷூட்டிங்னா முன்னாடியே மாவட்ட வன அலுவலர் ஆபீஸ்ல கேட்டுடுங்க. ட்ரோன் 250 கிராமுக்கு கீழ தானே, குட்டி ட்ரோனுக்கு ரூல்ஸ் கம்மி தானேன்னு சொல்லிட்டு பறக்க விடாதீங்க, காட்டுக்குள்ள அந்தக் கணக்கு செல்லாது. ட்ரோன் ஷாட் இல்லாமலே நல்ல படம் வரும், நம்புங்க.

ஏறும்போது உங்க ஒரு கையில மூங்கில் தடி இருக்கும், அதனால ஒத்தக் கையில பிடிக்கிற மாதிரி போனோ சின்ன கேமராவோ போதும், கிம்பல் (கேமரா ஆடாம பிடிக்கிற கைப்பிடி) எல்லாம் சுமை தான். செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடுத்தா ஷட்டர் ஸ்பீடை 1/50 செகண்ட் வைங்க, வெயில்ல அப்படி வைக்க என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு வர்ற வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி வேணும். 4கே வீடியோவை 100 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 100 மெகாபிட்) எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 45 ஜிபி ஆகும், 128 ஜிபி கார்டு மூணு மணி நேரம் கூட வராது, பாத்து எடுங்க. மேல குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஸ்பேர் பேட்டரியை சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வைங்க.

காசு செலவு பண்றதா இருந்தா சவுண்டுக்கு பண்ணுங்க. படம் கொஞ்சம் ஆடுனா மன்னிச்சுடுவாங்க, பேச்சு கேக்கலைன்னா உடனே மூடிடுவாங்க. காலர் மைக் ஒண்ணு, அதுக்கு மேல கண்டிப்பா பஞ்சு ரோமம் வச்ச காத்து தடுப்பு, ஏன்னா ஏழாவது மலைக்காத்து வெறும் மைக்கை நாசம் பண்ணிடும். தடி கல்லுல தட்டுற சத்தம், மூச்சு, சுக்கு காபி ஆத்துற சத்தம், தூரத்துல கேக்குற நமச்சிவாய கோஷம் எல்லாத்தையும் தனித்தனியா 30 செகண்ட் பேசாம நின்னு ரெக்கார்ட் பண்ணிக்கங்க. எடிட்ல இதுதான் உங்களைக் காப்பாத்தும்.

ஷாட்டுக்கு ஒரே வழி, அந்த மூட்டை சுமக்குற அண்ணனுக்கு முன்னாடி போய் நிக்கணும். பின்னாடியே போனா முதுகு தான் கிடைக்கும். அதுக்கு உங்களுக்கு அவரை விட ஸ்டாமினா வேணும், அதனால ஒரு மாசம் முன்னாடியே படி ஏறிப் பழகுங்க. ஒரே வேலையை தூரத்துல இருந்து, பக்கத்துல இருந்து, கை மட்டும், முகம் மட்டும்னு நாலு விதமா எடுங்க. பேட்டிய உச்சியில வைக்காதீங்க, மூட்டையை இறக்கி வச்சு தண்ணி குடிக்கிறாரு பாருங்க, அப்ப கேளுங்க, அப்ப வர்ற பேச்சு வேற மாதிரி இருக்கும். ராத்திரி ஏறும்போது டார்ச்சை முகத்துல அடிக்காம பக்கத்துப் பாறையில அடிச்சா அந்த வெளிச்சம் மெதுவா முகத்துல விழும். உச்சியில இருக்குற குகைக் கோயில் உள்ள கேக்காம எடுக்கவே கூடாது. இறங்குறதையும் எடுங்க, முட்டி நடுங்குறது அப்ப தான்.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு காப்பி போட்டுட்டு தான் கார்டை அழிக்கணும். முதல்ல பேட்டியை எழுதி, நல்ல வரிகளை மட்டும் அடுக்குங்க, அப்புறம் அந்தப் பேச்சுக்கு மேல படத்தை வைங்க. பாட்டு கடைசில. குட்டிப் படம் தானே, 7 நிமிஷத்தைத் தாண்டுதுன்னா அவர் பேச்சுல கை வைக்காதீங்க, மேகம் ஷாட்ல இருந்து வெட்டுங்க.