ராமபாணப் பூச்சிக்கு ஒரு காலி ஊறுகாய் பாட்டில்

ஐப்பசி அடைமழை தொடங்கும்போதே, கழுவிக் காயவைத்த கண்ணாடி ஊறுகாய் பாட்டிலின் வெளிப்பக்கம் முழுக்கக் காகித டேப் ஒட்டுங்கள். உள்ளே ஒரு துண்டு ரொட்டி போட்டு, மூடாமல் ராத்திரி புத்தக அலமாரியின் மூலையில் வைத்துவிடுங்கள். டேப்பின் சொரசொரப்பைப் பிடித்து ஏறி உள்ளே விழும், புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சியால் (சில்வர்ஃபிஷ்) வழவழப்பான கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. மாவுச்சத்து என்றால் அதற்கு உயிர். புத்தக முதுகில் இருக்கும் பசை, அட்டைப்பெட்டி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை எல்லாமே விருந்துதான். (பாச்சை உருண்டை வாடைக்கு இந்தப் பாட்டில் எவ்வளவோ மேல்.) காலையில் சிக்கியதைச் சோப்புத் தண்ணீரில் கொட்டிவிடலாம். கஞ்சிப் புடவைகளை அலசி, நன்றாக உலர்த்திய பிறகே மடித்து வையுங்கள்.

சுவரில் ஓதம் ஏறியிருந்தால் பாட்டில் மட்டும் போதாது. ஈரம் இருக்கும்வரை பூச்சி பெருகிக்கொண்டேதான் இருக்கும். முதலில் ஒழுகலைச் சரிசெய்து, அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், அப்புறம் பாட்டிலை வையுங்கள். கரையானுக்கும் பட்டுத் துணியை அரிக்கும் அந்துப்பூச்சிக்கும் இது உதவாது.