காவியத்தில் ஒரு நாட்டின் குணத்தைத் தேடுவது எப்படி

உயர்தர வகுப்புக்கு முதன்முதல் சிலப்பதிகாரம் படிப்பித்த ஆண்டில் நான் ஒரு பிழை விட்டேன். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, சோழ நாட்டுச் சிறப்பு ஒரு பக்கம், பாண்டிய நாட்டுச் சிறப்பு மறுபக்கம் என்று ஆறு, வயல், மாடம், கொடி எல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே பட்டியல். இப்போது சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் காவியம் படிக்க வரும் பிள்ளைகளிடம், வருணனையைப் பிறகு பார்க்கலாம், முதலில் பழிக்கு அஞ்சுகிறவர் எங்கே என்று தேடுங்கள் என்கிறேன். வளத்தை எந்த நாட்டுக்கும் பாடிவிடலாம். ஓர் ஊரார் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதில்தான் அவர்கள் எதை உயிராக மதிக்கிறார்கள் என்பது தெரியும்.

மாதரியை எடுத்துக்கொள்ளுங்கள். சமணத் துறவியான கவுந்தியடிகள் கண்ணகியை அந்த இடைக்குல முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கொலைக்களக் காதையில் மாதரி வீட்டிலிருந்து வரும் பொருள்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, தம் வீட்டுப் பாற்பயன். வந்தவளுக்குத் தன்னிடம் உள்ள நல்லதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கை அது. விரல் சிவக்கக் காய் அரிந்து, முகம் வியர்த்துச் சமைத்த கண்ணகி, வாழைக் குருத்தை விரித்துக் கோவலனுக்குப் படைக்கிறாள். இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதைக்குத் தாண்டுங்கள். "அடைக்கலம் இழந்தேன்" என்று தன் குலத்தாரிடம் சொல்லி, குடையும் கோலும் பிழைத்தனவோ என்று கேட்டு, நள்ளிரவில் மாதரி தீப்புகுந்த செய்தியை அங்கே மாடலன் என்னும் மறையவன் சொல்கிறான். கோவலன் கொலையில் மாதரிக்கு எந்தப் பங்கும் இல்லை. இருந்தும் பழியைத் தன் தலையில் ஏற்கிறாள். அதே மதுரையில் அரசன் தன் கோல் வளைந்தது என்று உயிர் விடுகிறான். அரசனுக்கும் மோர் விற்கும் கிழவிக்கும் மானம் ஒன்றாக இருந்த ஊர் அது. பாண்டிய நாட்டு அறம் என்று எழுதப் போகிறவர்கள் இந்த இரண்டு சாவையும் அருகருகே வைத்து எழுதுங்கள். எத்தனை தடவை படிப்பித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

அடுத்து, மதிப்புச் சொற்கள் யார் வாயில் வருகின்றன என்று பாருங்கள். வேட்டுவ வரியில் தெய்வமேறிய சாலினி, வேடர்களான எயினர் "அறக்குடி போல் அவிந்து அடங்கினர்" என்று குறைப்படுகிறாள். மதுரையில் உயிரினும் பெரிதான அறம், பாலை நிலத்தில் வசைச்சொல்லாகிவிடுகிறது! இப்படி ஒரு சொல்லை நிலத்துக்கு நிலம் பின்தொடர்வது பத்துப் பக்க நாட்டு வருணனையைவிடப் பயன்தரும். கூடவே, எயினரைப் பற்றிப் பாடுகிறவர் எயினர் அல்லர் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே கதையை வேறொரு மண் எப்படிச் சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன் பத்தினி வழிபாட்டில் நிற்பதை இளங்கோவே பாடியிருக்கிறார். இங்கே மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கில் படிக்கும் கண்ணகி வழக்குரையைக் கையில் எடுங்கள். சிலம்புக்கு மணி தேடிக் கப்பல் கட்டி ஓடும் கடலோட்டு காதை அதில் உண்டு, சிலப்பதிகாரத்தில் இல்லை. உயிர்மீட்புக் காதையில் கோவலன் எழுகிறான். முடிவில் குளிர்ச்சிக் காதை: எரிந்தவளை ஊர் கூடிக் குளிரவைக்கிறது. கடலோடிகளின் துணிவும், தெய்வத்தின் கோபத்தைத் தணித்தால்தான் மழையும் பயிரும் என்ற விவசாயியின் நம்பிக்கையும் இந்தக் காதைகளில் இருக்கின்றன. வழக்குரை நூல் கைவசம் இல்லாதவர்கள் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். குளிர்ச்சிக் காதையை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அது கேட்பதற்காகப் பாடப்பட்டது.

கடைசியாக, கொப்பியில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, உங்கள் ஊர் இந்தக் கதையில் எதைச் சேர்க்கும் என்று எழுதுங்கள். சென்ற மாதம் முல்லைத்தீவைச் சேர்ந்த ஒரு பிள்ளை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல்நீரில் எரியும் விளக்கைப் பற்றி நான்கு வரி எழுதினாள். எழுதிவிட்டு, "ரீச்சர், இதை அம்மம்மாவிடம் கேட்டுத் திருத்த வேண்டும்" என்று கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள்.