பெரிய பகா எண்கள்: கணக்கு சறுக்கும் இடங்கள்

2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. இன்று பெரிய பகா எண்ணைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டும் எண் இது. கிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் திட்டத்தின் வழியாக லூக் டுராண்ட் 2024 அக்டோபரில் கண்டுபிடித்தார். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்.

அப்போது "உலகின் மிகப் பெரிய பகா எண்" என்று பலர் எழுதினார்கள். அப்படி ஒன்று இருக்கவே முடியாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் என்றோ நிறுவிவிட்டார். அந்த நிரூபணத்தைச் சொல்லும்போதும் ஒரு பிழை நுழைகிறது: பகா எண்களை வரிசையாகப் பெருக்கி 1 கூட்டினால் புதிய பகா எண் கிடைக்கும் என்பார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. அது 59 × 509. கிடைத்த எண்ணின் பகாக் காரணிகள் நம் பட்டியலில் இருக்காது என்பது மட்டுமே யூக்ளிட்டின் வாதம்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்ததும் பகா எண்தான் என்று நம்புவது அடுத்த தவறு. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த வகை எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென்னே 1644-இல் சறுக்கினார். அவர் பகா எண் என்று சொன்ன 2⁶⁷ − 1 பகு எண் என்று 1876-இல் லூகாஸ் நிறுவினார், ஒரு காரணியைக்கூடக் காட்டாமல்! 193707721 × 761838257287 என்ற காரணிகளை 1903-இல்தான் கோல் முன்வைத்தார். காரணி தெரியாமல் பகு எண் என்று சொல்ல முடியாது என்று நினைப்பவர்கள் இந்த 27 ஆண்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

நிரல் எழுதுபவர்கள் அதிகம் ஏமாறுவது ஃபெர்மா சோதனையில். ஓர் ஒற்றைப்படை எண் பகா எண்ணானால், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்த எண்ணால் வகுக்க, மீதி 1 வரும். இதைத் தலைகீழாகப் படித்து, மீதி 1 வந்தாலே பகா எண் என்று முடிவு கட்டக் கூடாது. 2047-ஐயே பாருங்கள். 2¹¹ = 2048, மீதி 1. 2046 = 11 × 186 என்பதால் 2²⁰⁴⁶-க்கும் மீதி 1-தான். அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்களும் இப்படியே தேறிவிடும். அதனால் இங்கே 2-ஐ வைத்துச் சோதிப்பதில் பயனே இல்லை. 3-ஐ வைத்தால் 2047 பிடிபடும். அப்போதும் தேறிய எண் "பகா எண்ணாக இருக்கக்கூடும்" என்ற நிலையில்தான் நிற்கிறது. டுராண்டின் எண்ணுக்கு டப்ளினில் இருந்த கணினி அந்த அளவுக்குத்தான் சொன்னது. மறுநாள் சான் அன்டோனியோவில் ஓடிய லூகாஸ்–லெமர் சோதனைதான் உறுதி செய்தது.

அந்தச் சோதனையில் எண்ணிக்கையைத் தவற விடாதீர்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழிப்பதை அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ய வேண்டும். 31 = 2⁵ − 1, அடுக்கு 5, எனவே மூன்று தடவை: 14, பிறகு 194 (31-ஆல் வகுத்தால் மீதி 8), பிறகு அந்த 8-ஐ வர்க்கப்படுத்தி 2 கழிக்க 62. 31-ஆல் வகுக்க மீதி 0, எனவே 31 பகா எண்.

டுராண்டின் எண்ணில் உள்ள இலக்கங்களை எண்ண 2-இன் மடக்கை (log 2) போதும், ஆனால் அதை 0.3010 என்று நான்கு தசமத்தோடு நிறுத்தினால் விடையில் 4,087 இலக்கங்கள் குறையும்.

கடைசியாக, டுராண்டின் எண்ணை "52-ஆவது மெர்சென் பகா எண்" என்று எழுதாமல் "அறியப்பட்டவற்றுள் 52-ஆவது" என்று எழுதுங்கள். கண்டுபிடிப்புகள் அளவு வரிசையில் வருவதில்லை. 43112609 என்ற அடுக்கு 2008-இல் கிடைத்தது. அதைவிடச் சிறிய 42643801 கிடைத்தது 2009-இல்.