இன்சூரன்ஸ் இருக்கும்போதே டாக்டருக்கு மெம்பர்ஷிப் எதுக்கு? அமெரிக்காவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

மாசாமாசம் சம்பளத்துல இன்சூரன்சுக்குப் பிடிச்சுக்கறாங்க, அப்புறமும் க்ளினிக்ல தனியா மெம்பர்ஷிப் கட்டச் சொல்றாங்களேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. பெரும்பாலும் அந்தப் பணம் வைத்தியத்துக்கே இல்லீங்க. சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க, ஆப்ல மெசேஜ் போட்டா பதில் வர, அவ்வளவுதான்.

படி 1: எந்த ரகம்னு பாருங்க

க்ளினிக்குக்கு போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்க: "விசிட்டுக்கு என் இன்சூரன்சுக்கு பில் அனுப்புவீங்களா?"

ஆமான்னா, அது ஒன் மெடிக்கல் மாதிரி. 2023-ல அமேசான் வாங்குன கம்பெனி, வருஷத்துக்கு 199 டாலர், ப்ரைம் இருந்தா 99. இதைக் கட்டினாலும் கோபே (ஒவ்வொரு விசிட்டுக்கும் நீங்க கட்டற தொகை), டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு நீங்க கட்டவேண்டிய தொகை) எல்லாம் வழக்கம்போல உங்க தலையிலதான். எம்டிவிஐபி மாதிரி கன்சியர்ஜ் டாக்டருங்களும் இதே வழிதான், ஆனா ஃபீஸ் ஆயிரக்கணக்குல போகும், கம்மியான பேஷன்ட்டுங்களை மட்டும் வச்சுக்கறதால நிதானமா உக்காந்து பேசுவாங்க.

இல்லைன்னா அது டைரக்ட் ப்ரைமரி கேர். மாசச் சந்தாவுலயே விசிட் அடங்கிடும். ஆனா எமர்ஜென்சி ரூம், ஆபரேஷன், அட்மிஷன் எதுவும் இதுல வராது, அதனால இதை நம்பி இன்சூரன்ஸை மட்டும் விட்றாதீங்க.

படி 2: கம்பெனியில கேளுங்க

பெனிஃபிட்ஸ் போர்ட்டல்ல தேடுங்க, சில கம்பெனிங்க இந்த மெம்பர்ஷிப்பை அவங்களே கட்டிடறாங்க.

படி 3: கணக்கு போடுங்க

மெம்பர்ஷிப் ஃபீஸ் டிடக்டிபிள்ல சேராது. வருஷாந்திர செக்கப்புக்காக மட்டும் சேர்றீங்கன்னா வேணாம், பெரும்பாலான ப்ளான்ல இன்-நெட்வொர்க் டாக்டர்கிட்ட, அதாவது உங்க இன்சூரன்ஸோட ஒப்பந்தத்துல இருக்கறவங்ககிட்ட, அது ஏற்கனவே ஃப்ரீ. இதுல ஒரு சின்ன பொறி இருக்கு: செக்கப்புக்குப் போய்ட்டு "டாக்டர், முட்டியும் கொஞ்ச நாளா வலிக்குது"ன்னு சொல்லி அவங்க அதைத் தனியா பாத்தாங்கன்னா, செக்கப்புக்கான பில்லிங் கோடோட சேத்து, தனி விசிட்டுக்கான 99213-ன்னு இன்னொரு கோடும் பில்லுல ஏறலாம், அதுக்கு காசு உண்டு, மெம்பரா இருந்தாலும் இதே கதைதான். வலியை மறைக்கச் சொல்லல, பில் வந்தா அதிர்ச்சியாகாம இருக்கத்தான் சொல்றேன். ரத்தம் எடுத்தா எந்த லேபுக்கு அனுப்புவாங்கன்னும் கேட்டுக்கோங்க, க்ளினிக் நெட்வொர்க்ல இருந்தாலும் லேப் இல்லாம போகலாம்.

படி 4: எச்எஸ்ஏ (வைத்தியச் செலவுக்கு வரி இல்லாம பணம் சேத்து வைக்கற கணக்கு) இருந்தா

2026 ஜனவரியில இருந்து டைரக்ட் ப்ரைமரி கேர் சந்தாவை எச்எஸ்ஏ பணத்துல கட்டலாம், தனியாளுக்கு மாசம் 150 டாலர், குடும்பத்துக்கு 300 வரைக்கும். அதுக்கு முன்னாடி இந்தச் சந்தாவால எச்எஸ்ஏ-வுல பணம் போடற தகுதியே போயிடுமோன்னு பயம் இருந்துச்சு. ஆனா சந்தா அந்த வரம்பைத் தாண்டினா பழைய சிக்கல் திரும்பிடும், பாத்துக்கோங்க.

படி 5: சேர்ந்த அன்னிக்கே

ஆட்டோ ரினியூவல் தேதியைப் பாத்து, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி போன்ல அலாரம் வச்சிடுங்க. வருஷத்துல ரெண்டு தடவைகூட போகலைன்னா அப்பவே கேன்சல் பண்ணிடலாம்.