கார் ஸ்ரார்ட் எடுக்க மல்லுக்கட்டுதா? சென்சரில் கை வைக்க முதல்

வன்னியில் இப்போது சின்னக் கராச்சிலும் காரின் கம்பியூட்டரை வாசிக்கிற ஸ்கானர் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் திரையில் கோட் (பிழைக் குறியீடு) விழுந்த உடனே பெடியளின் கை சென்சருக்குப் போய்விடுகிறது. பழகுகிற வயதில் எல்லாருக்கும் வருகிற அவசரம்தான், இருந்தாலும் காசு போவது வாகனக்காரருக்கு. கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் அப்படி விடுகிற ஒரு பிழை.

இரண்டு வருத்தத்தையும் ஒன்றாக எடுப்பது

"லேட்டா ஸ்ரார்ட் ஆகுது" என்று வாகனக்காரர் சொல்வதை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். திறப்பை வாங்கி நீங்களே திருகிக் கேளுங்கள். எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதென்றால் பற்றரி, எர்த், ஸ்ரார்ட்டர் மோட்டர் பக்கம். சுறுசுறுப்பாகச் சுற்றியும் பத்தப் பிந்துகிறதென்றால்தான் பெற்றோல், பிளக், சென்சர் பக்கம்.

பி0335 விழுந்தால் கிராங் சென்சர் மாற்றுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். அந்தக் கோட் சொல்வது, எஞ்சின் சுற்றுவதைப் பார்க்கிற கிராங் சென்சரின் சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்பதை மட்டும். சென்சர் செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு ரொயோட்டா 141 அக்சியோ கார் வந்தது. "அண்ணை, ரெண்டு சென்சர் மாத்தியாச்சு. காலமையில இன்னும் அதே பாடுதான்." இரண்டும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்த பழைய சாமான். மின்சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டார்.

மீற்றரை வைத்தேன். பற்றரி சும்மா நிற்கும்போது 12.5 வோல்ற். பெற்றோல் பம்ப் பியூஸைக் கழற்றிவிட்டு ஸ்ரார்ட்டரைச் சுற்றவிட்டால் 10.6. பற்றரியில் பிழை இல்லை. அடுத்து மீற்றரின் ஒரு முனையை எஞ்சின் புளொக்கிலும் மற்றதைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும் வைத்துச் சுற்றினால் 1.8 வோல்ற். அந்த இடத்தில் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டவே கூடாது. எர்த் வயரின் றப்பரைக் கீறிப் பார்த்தேன், உள்ளே செம்பு பச்சை பிடித்து மாவாகக் கொட்டியது. 2018 மார்கழி வெள்ளத்தில் நின்ற வாகனமாம்.

எர்த் வயருக்கும் சென்சர் கோட்டுக்கும் என்ன தொடர்பு? இந்த எஞ்சினில் இருப்பது இரண்டு வயர் காந்தச் சென்சர். கிராங்கோடு சுற்றும் சக்கரத்தில் 34 பற்கள், இரண்டு பல்லுக்கு இடைவெளி. பல் கடக்கிற வேகத்தில்தான் சென்சர் தன் வோல்ற்றை உண்டாக்குகிறது. சுற்று மெதுவானால் சிக்னலும் மெலிகிறது, ஈசியூ (எஞ்சினை நடத்துகிற கம்பியூட்டர்) பல் எண்ணிக்கையைத் தவறவிட்டுக் கோட் போடுகிறது. புது எர்த் வயர் போட்டதும் முதல் திருகிலேயே பத்தியது. கழற்றி வைத்திருந்த முதல் சென்சரைத் திரும்பப் பூட்டிப் பார்த்தோம். அதிலும் பத்தியது!

ஆகவே ஸ்ரார்ட்டர் சுற்றும்போது ஸ்கானரில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். 200ஐ ஒட்டி நிலையாக நின்றால் கிராங் சென்சர் பேசுகிறது. நல்ல வேகத்தில் சுற்றியும் 0 என்றால் சென்சரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கனெக்டரையும் வயரையும் முதலில் பாருங்கள். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலில் நிற்கிற வாகனத்துக்கு எலி போதும்.

ஆறிய எஞ்சினில் மட்டும் சோதிப்பது

வவுனியாவிலிருந்து ஏ9இல் விரட்டி வந்து, மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் பத்தாது. அரை மணித்தியாலம் கழித்து ஒன்றும் நடக்காததுபோலப் பத்தும். சூட்டில் உள்ளே கம்பி விடுகிற சென்சரின் குணம் இது. காலையில் சென்சரின் ஓம்ஸ் (மின்தடை) அளந்து "சரி" என்று அனுப்பினால் மத்தியானம் போன் வரும். சூடாக இருக்கும்போதே அளந்து பாருங்கள்.

மூன்று வயர் சென்சரில் ஓம்ஸ் பார்ப்பது

அது பெரும்பாலும் ஹோல் வகை, சப்ளை வோல்ற் கொடுத்தால்தான் வேலை செய்யும். சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் வோல்ற்றில் பாருங்கள்.

பி0016க்குச் சென்சர் வாங்குவது

கிராங்கும் காம் சாஃப்ற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்கிற கோட் அது. முதலில் ஒயிலைப் பாருங்கள். பிறகு ரைமிங் செயின்.

பெற்றோலை மறப்பது

காலையில் மட்டும் பிந்துகிறது, கோட்டும் இல்லை என்றால், ஸ்ரார்ட்டரைத் தொடாமல் திறப்பை ஒன் பண்ணி, பம்ப் சத்தம் நின்றதும் ஓவ் பண்ணுங்கள். இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்து பிறகு ஸ்ரார்ட் எடுங்கள். உடனே பத்தினால், இரவில் லைனிலிருந்து பிரஷர் இறங்குகிறது. பம்ப்பின் வால்வையும் இன்ஜெக்டர் கசிவையும் தேடுங்கள்.