ரேசர் கிளாம் வாங்கும்போது ஓட்டின் வடிவத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் ரேசர் கிளாம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்பிகள் கிடைக்கின்றன. கிழக்குக் கரை வகை குறுகி நீண்டு, லேசாக வளைந்திருக்கும். அகலத்தைப்போல் ஆறு மடங்கு நீளம். ஆவியில் வைத்து, ஓடு திறந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் ரப்பர்தான்.

மேற்குக் கரையில், வாஷிங்டன், ஆரிகன், அலாஸ்கா மாநிலங்கள் பக்கத்து வகை அகன்ற நீள்வட்டம். பழுப்பாகப் பளபளக்கும் மெல்லிய ஓடு, தோண்டும்போதே உடைந்துவிடுவதும் உண்டு. கொதிநீரில் சில நொடி முக்கினால் ஓடு கழன்றுவிடும். கருத்த செவுளையும் குடல் பகுதியையும் வெட்டி எறிந்துவிட்டு, பிரெட் தூளில் புரட்டிப் பொரியுங்கள். ருசியில் என் ஓட்டு இதற்குத்தான்.

நீங்களே தோண்டப் போவதானால், முதலில் அந்த மாநில அரசின் அறிவிப்பைப் பாருங்கள்: கடல் பாசியிலிருந்து வரும் டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு சிப்பியில் இருந்தால் சமைத்தாலும் போகாது.